புரட்டாசியில் நிறுத்திய மாத்திரை

பலராமனை நான் முதலில் பார்த்தபோது, தோளுக்கு ஒன்றாக இரண்டு தண்ணீர் கேன்களைச் சுமந்து எங்கள் லேபின் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தார். கருவடிக்குப்பத்தில் உள்ள அந்த லேபில் ரத்தம் எடுக்கும் வேலையில் நான் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். எங்கள் வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான் என்பதை அந்த வாரம் எதிரில் வந்த எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அவரிடமும் சொன்னேன்.

"கேன் தூக்கவும் காலேஜ்ல சொல்லிக் குடுத்திருப்பாங்களே. ஒரு கை புடி தம்பி" என்றார்.

கேனைக் கவிழ்க்க அவர் குனிந்தபோது குதிகாலுக்கு மேலே தசைநார் தடித்து, முடிச்சு முடிச்சாக இருப்பதைப் பார்த்தேன். பாடப் புத்தகத்தில் பார்த்த படம் அப்படியே இருந்தது.

"இன்னாண்ணா இது?"

"படி ஏறி ஏறிக் காச்சுப்போச்சு."

"இல்லண்ணா. இது கொழுப்பு."

சிரித்தார். எலும்பும் தோலுமான மனிதர். "இத டாக்டரம்மாவும் சொல்லிட்டாங்க. மாத்திரைகூட குடுத்துகிறாங்க" என்றார். பிறகு, கேட்காமலே, அண்ணனைப் பற்றிச் சொன்னார். முருகையன். பலராமன் கேன் ஏற்றிவரும் குட்டி யானை சரக்கு வண்டியை அவருக்கு முன்னால் ஓட்டியவர். அரியாங்குப்பத்தில் கேன் இறக்கிக்கொண்டிருந்தபோது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. அப்போது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. அப்பாவும் அப்படித்தான் போனாராம்.

"எனக்கு இப்போ நாப்பத்தொண்ணு" என்று சொல்லிவிட்டுக் காலி கேன்களை எடுத்துக்கொண்டு இறங்கினார்.

அவர்கள் வீட்டில் புரட்டாசி மாதம் கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. சனிக்கிழமைதோறும் பெருமாளுக்குத் தளிகை போடுவார்கள். அந்த வருடம் பலராமன் கவுச்சியோடு சேர்த்து மாத்திரையையும் நிறுத்திவிட்டார். கொழுப்பே உள்ளே போகாத மாதத்தில் மாத்திரை எதற்கு என்பது அவர் கணக்கு. மாதம் முடிந்ததும் மனைவி சிவசங்கரியைக் கூட்டிக்கொண்டு தானாகவே லேபுக்கு வந்து கையை நீட்டினார். நல்ல ரிசல்ட்டை டாக்டரிடம் காட்டி, மாத்திரைக்கு ஒரேயடியாக முழுக்குப் போட்டுவிடலாம் என்று நினைத்திருந்தார்.

ரிசல்ட் வந்தது. ஆட்டுக்கறி சாப்பிட்டுக்கொண்டு, மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்த காலத்தைவிட இரண்டு பங்கு கெட்ட கொலஸ்ட்ரால்.

"வேற யார் ரத்தத்தயாவது மாத்திட்டியா தம்பி?"

"உங்களுதுதாண்ணா."

"ஒரு மாசமா கீரையும் மோரும்தான் ஊத்தினேன்" என்றார் சிவசங்கரி. "கீரையிலயா கொழுப்பு இருக்குது?"

"சாப்பாட்டுல வர்றது கொஞ்சம்தாங்க்கா. ஒடம்பேதான் நெறைய செஞ்சுக்குது, முக்கியமா ஈரல். வெளிய இருந்து வரத்து கொறைஞ்சா அது இன்னும் கொஞ்சம் சேத்துச் செய்யும். கொலஸ்ட்ரால் இல்லன்னா ஒடம்புக்கும் ஆவாது. செல்லு ஒவ்வொண்ணுக்கும் செவுரு கட்ட அதுதான் வேணும், பித்தநீருக்கும் வேணும்."

"இங்க பக்கத்துல மேட்டுப்பாளையத்துல எங்க தண்ணி பிளான்ட் மாதிரின்னு சொல்லு" என்றார் பலராமன். "நான் வண்டி கொண்டுபோனாலும் போவாட்டியும் கேன் ரொம்பிக்கினே கெடக்கும்."

விளக்க எனக்கு வழி கிடைத்தது. கொழுப்பு தண்ணீரில் கரையாது, அதனால் உடம்பு அதை மூட்டை கட்டி ரத்தத்தில் அனுப்புகிறது என்றேன். மிஞ்சிய மூட்டைகளைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ள ஈரலில் கதவுகள் உண்டு. "உங்களுக்கு அந்தக் கதவுல பாதிதாண்ணா வேல செய்யுது."

"கதவு தொறக்காத வூட்டுக்குக் கேன் கொண்டுபோனா தெருவுலதான் வச்சிட்டு வரணும்."

"அந்தத் தெருதாண்ணா உங்க ரத்தக்குழாய். அங்கதான் சேந்து அடைக்குது. மாத்திரை போட்டா பிளான்ட் ஓட்டம் கொறையும். ஈரலுக்குத் தட்டுப்பாடு வந்துடும். அப்போ அது புதுசா கதவு போட்டு தெருவுல கெடக்கறத உள்ள இழுக்கும். நீங்க மாத்திரைய நிறுத்தினீங்க, பழையபடி ஆயிடுச்சி."

பலராமன் ரிசல்ட் தாளை மடித்தார். "கதவு எப்போ கெட்டுச்சு?"

"பொறப்புலயேண்ணா. குடும்பத்துல வர்றது."

சிவசங்கரி சட்டென்று நிமிர்ந்தார். "அப்போ பாப்பாவுக்கு?"

அவர்களுக்கு ஒரே மகள், கலைவாணி. ஐந்தாம் வகுப்பு. இருந்தாலும் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம், ரத்தம் எடுத்தால் தெரிந்துவிடும் என்றேன்.

"அதெல்லாம் வேணாம்" என்றார் பலராமன். "பொட்டப்புள்ள. இப்பவே சீக்குன்னு பேர் வச்சா நாளைக்கு எவன் கட்டுவான்?"

"ஒங்க அண்ணனுக்கு எந்தப் பேரும் வைக்காமத்தான வச்சிருந்தீங்க. இருக்காரா?" என்றார் சிவசங்கரி.

அன்று காலி கேன்களை எடுக்காமலே அவர் இறங்கிப் போனார்.

அடுத்த வாரம் குட்டி யானையின் முன்சீட்டில் கலைவாணி உட்கார்ந்து வந்தாள். "அப்பாவுக்குப் போட்ட ஊசியா? புதுசா?" என்று கேட்டு, புதிது என்று பிரித்துக் காட்டிய பிறகே கையைக் கொடுத்தாள். பலராமன் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் ரிசல்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு மாடிப்படியில் அவரைப் பார்த்தேன். அவரே கேட்டார். "கதவு?"

"பாதிதாண்ணா."

மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். கீழே வண்டியை எடுக்கச் சொல்லி யாரோ ஹாரன் அடித்தார்கள்.

"எங்கண்ணனுக்குச் சாவுற வரைக்கும் தெரியாது" என்றார் கடைசியில். "எனக்குத் தெரிஞ்சும் புரியல. இதுக்குப் பத்து வயசுலயே தெரிஞ்சுபோச்சு இல்ல?"

"ஆமாண்ணா."

"அப்போ டைம் இருக்குது" என்று எழுந்தார். "இன்னிக்கு எத்தினி கேன்?"

டாக்டரம்மா கலைவாணிக்கு முதலில் சாப்பாட்டு முறையும் ஓட்டமும் சொன்னார். போன வருடம் சிறிய அளவில் மாத்திரையும் தொடங்கினார். பலராமனுக்கு ஒரு மாத்திரை போதாமல் இரண்டாவதும் சேர்ந்தது. கெட்ட கொலஸ்ட்ரால் பாதிக்கும் கீழே இறங்கியிருக்கிறது.

பலராமனுக்கு இப்போது நாற்பத்து நான்கு வயது. மேட்டுப்பாளையத்தில் கேன் ஏற்றி எங்கள் மாடிக்கு வருகிறார். இந்தப் புரட்டாசியிலும் அவர்கள் வீட்டில் கவுச்சி இல்லை. அப்பாவும் மகளும் மாத்திரையை நிறுத்தவில்லை.