மீன் தூள் இல்லாத காடைக் கொட்டகை

ஜெலுத்தோங்கில் எங்கள் பின்வேலிக்கு அந்தப் பக்கம் வள்ளிநாயகி அக்காவின் காடைக் கொட்டகை இருக்கிறது. புருஷனை விட்டு வந்த பிறகு அதுதான் அவருடைய பிழைப்பு. முட்டைகளை மின்சாரப் பெட்டியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைப் பத்து காவான் என்ற ஊரில் பண்ணை வைத்திருப்பவருக்கு விற்பார். நிலமும் வீடும் அவருடைய அண்ணன் ஆனந்தராஜாவுக்குச் சொந்தம். ரயில்வேயில் கிராணியாகக் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். இருவரும் ஒருவருக்கொருவர் நல்ல வார்த்தை சொல்லி நான் கேட்டதில்லை.

எண்பத்தாறாம் ஆண்டுச் சண்டை மீன் தூளில் தொடங்கியது. அக்கா அதைக் காடைத் தீவனத்தில் கலப்பார். கொட்டகைச் சுவரை ஒட்டியே சாமி அறை. விளக்கேற்றும் நேரத்தில் மீன் வாடை வருகிறது என்று, சுத்த சைவமான அண்ணன் மூட்டையோடு தூக்கிச் சாக்கடையில் கொட்டினார். இனி மீன் தூள் வந்தால் கொட்டகையை இடித்துவிட்டு அங்கே தன் கெரேட்டாவை, அதாவது காரை, நிறுத்தப் போவதாகவும் சொன்னார்.

அக்கா பணிந்தார். மீன் தூளுக்குப் பதிலாகச் சோயாப் புண்ணாக்கைக் கூட்டிப் போட்டார். புரதம் எதிலிருந்து வந்தால் என்ன என்பது அவர் எண்ணம். சில வாரங்களில் காடைகள் ஒன்றின் முதுகை ஒன்று கொத்தின. முட்டைகள் சிறுத்தன. பெட்டியில் வைத்ததில் பாதிகூடப் பொரிக்கவில்லை.

அக்கா தீவனத்தைச் சந்தேகப்படவில்லை, அண்ணனைச் சந்தேகப்பட்டார். இரையில் கொசு மருந்து கலக்கிறார் என்று கோயிலில் எல்லோர் முன்னாலும் சொன்னார். கொட்டகைக்குப் பெரிய பித்தளைப் பூட்டு ஒன்றும் போட்டார். அண்ணன் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்தார். அதோடு, அடுத்த பொரிப்பும் கெட்டால் கொட்டகை இருக்காது என்றார்.

பூட்டிய பிறகும் கொத்தல் நிற்கவில்லை. யாரும் உள்ளே போகவில்லை என்பது அக்காவுக்கே தெரிந்துவிட்டது. அதை வாய்விட்டுச் சொல்லாமல் ஃபெர்ரி ஏறிப் பட்டர்வொர்த் போனார். அங்கே தீவனக் கடை வைத்திருந்த மீரா சாகிப் காரணத்தைச் சொன்னார். புரதம் பல அமினோ அமிலங்கள் சேர்ந்தது. சோயாவில் லைசின் நிறைய உண்டு, மெத்தியோனின் குறைவு. மீன் தூள்தான் அந்தக் குறையை நிரப்பி வந்தது. அது இல்லாமல் இறகும் தேறாது, முட்டையும் தேறாது. மீனே சேராமல் ஆலையில் செய்யும் மெத்தியோனின் பொடி இருக்கிறது என்று ஒரு பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

அந்த வெள்ளைப் பொடிக்கும் ஒரு நாற்றம் உண்டு. வாசலிலேயே அண்ணன் பொட்டலத்தைப் பிடுங்கி முகர்ந்தார்.

“மீன்தான்லா இது. என்னை முட்டாள்னு நெனச்சியா?”

“ஃபேக்டரியில செஞ்சதுண்ணே. மீன் இல்ல.”

“கோயில்ல என்னை விஷம் வைக்கிறவன்னு சொன்ன வாய்தானே?”

அக்காவும் பிறந்ததிலிருந்து சைவம். ஒரு சிட்டிகை எடுத்து நாக்கில் வைத்து, அண்ணனைப் பார்த்தபடியே விழுங்கினார். கசப்பில் முகம் கோணியது.

“இப்ப இடிங்க,” என்றார்.

அண்ணன் பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டு உள்ளே போனார்.

பொடி கலந்த தீவனத்தில் காடைகளின் முதுகில் இறகு முளைத்தது. அடுத்த பொரிப்பில் பெட்டி முழுக்கக் கீச்சொலி. பத்து காவான்காரர் கூடைகளோடு வந்து அத்தனையையும் அள்ளிப் போனார். இடிக்கும் பேச்சு அதோடு நின்றது.

அன்று அக்கா கொட்டகைப் பூட்டைக் கழற்றி, சாவியோடு அண்ணனின் நாற்காலிக்குப் பக்கத்தில் வைத்தார். அவரால் கேட்க முடிந்த மன்னிப்பு அவ்வளவுதான். அண்ணன் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. எழுந்து போய் அதே பூட்டைச் சாமி அறைக் கதவில் மாட்டினார்.

“கொட்டகை ஒனக்கு, சாமி எனக்கு. இதையும் கோயில்ல போய்ச் சொல்லு.”

இப்போது வெள்ளிக்கிழமைகளில் அக்கா கொட்டகைக்குள் சாமி அறையை ஒட்டிய அந்தச் சுவரைப் பார்த்து விளக்கேற்றுகிறார். சுவருக்கு அந்தப் பக்கம் அண்ணன் மணி அடிக்கிறார்.