அக்காவோடு மடவார் வளாகம்: வேறு கிரகம் பற்றி ஒரு கேள்வி

போன தை மாதம் ஒரு சனிக்கிழமை, ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகம் வைத்தியநாத சுவாமி கோயிலுக்குப் போய்வந்தேன். கோயில் பார்க்கும் ஆசையில் போகவில்லை. ராஜபாளையம் பக்கம் சோழபுரத்தில் இருக்கும் என் அக்கா போன் செய்து, "கூட வாரியாடா?" என்று கேட்டாள். இரண்டு வருடமாக அவள் என்னிடம் எதுவுமே கேட்டதில்லை.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்காவின் ஒரே மகள் செல்வி, இரண்டு வருடத்துக்கு முன் பத்தொன்பது வயதில் காய்ச்சலில் இறந்துபோனாள். பிள்ளை ஆஸ்பத்திரியில் கிடந்த பதினோரு நாளும் அக்கா இந்தக் கோயிலுக்கு வந்து அர்ச்சனை செய்தாள். அதன்பின் சாமி கும்பிடுவதையே விட்டுவிட்டாள். நான் சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறேன். விடுமுறை நாட்களில் பள்ளிகளுக்குப் போய் வானவியல் பேசுவேன். அது அக்காவுக்குத் தெரியும். பதினாறாம் நாள் காரியம் முடிந்த மத்தியானம் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"வேற கெரகத்துலயும் உசிரு இருக்கும்னு சொல்லுதாகளே, நெசமா? நம்ம செல்வி அங்க எங்கயாச்சும் போயிப் பொறந்திருப்பாளா?"

"இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாத கிருமிதான் இருக்கும்க்கா. செத்தவங்க போயிப் பொறக்குற எடமெல்லாம் கெடையாது" என்றேன்.

அவளை ஏமாற்றக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைப் பேசுகிறவன் என்ற பெருமையும் கொஞ்சம் இருந்தது. அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சென்னையில் இரவு ரயில் ஏறினால் காலை ஆறரைக்கு ராஜபாளையம். அக்கா பஸ் ஸ்டாண்டில் காத்திருந்தாள், மெலிந்திருந்தாள். அங்கிருந்து பன்னிரண்டு கிலோமீட்டர், டவுன் பஸ்ஸில் நாற்பது நிமிடம். பெண்களுக்கு இலவசம், எனக்குப் பதினைந்து ரூபாய். "மடவார் வளாகம் வந்தா சொல்லுதேன், உக்காருங்க" என்றார் கண்டக்டர். வழியெல்லாம் அக்கா ஜன்னலையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

சன்னதியில் அர்ச்சகர் பெயர் கேட்டார். அக்கா அர்ச்சனைத் தட்டை நீட்டினாள். செல்வி பெயரைச் சொல்லிவிடுவாளோ என்று எனக்குப் பயம். என் பெயரைச் சொன்னாள். நட்சத்திரம் கேட்டபோது நான் விழித்தேன். "சதயம்" என்றாள் அக்கா.

பிரகாரத்தில் உட்கார்ந்ததும், ரயிலில் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னேன். "அன்னைக்கு நான் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. வேற கெரகத்துல என்ன இருக்குன்னு இன்னும் யாருக்கும் தெரியாது. செத்த பொறவு என்னன்னு எனக்கும் தெரியாது."

அவள் தேங்காய் முறியைப் பைக்குள் வைத்தாள். "தெரியாதுன்னு அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லடா. அந்த ஒத்த வார்த்தைய வச்சுக் கொஞ்ச நாளு ஓட்டியிருப்பேன்." குரலில் கோபமில்லை. "இப்ப நீ எனக்காகச் சொல்லுத. மனசு ஏத்துக்கிட மாட்டேங்கு."

"அப்ப சாமிய நம்புதியா?"

"அதுவும் தெரியல. வீட்ல உக்கார முடியல, வந்தேன்."

போக நினைப்பவர்களுக்கு: மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள், காலை பத்து மணிக்குள் போய்விடுங்கள். வயதானவர்களைக் கூட்டிப்போனால் கல்தரை சுடும் முன் பிரகாரம் சுற்றிவிடுவது நல்லது.

பள்ளிகளில் இன்னும் பேசுகிறேன். வேறு கிரகத்தில் உயிர் இருக்கிறதா என்று பிள்ளைகள் கேட்டால், தெரியாது என்பேன். செல்வி இறப்பதற்கு முன்பும் அவர்களிடம் அப்படித்தான் சொல்லிவந்தேன். அக்காவிடம் மட்டும்தான் தெரிந்தவன்போல் பேசினேன்.