பாக்கி ஆறு எழுத்து

காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவன் என்று அம்மா சொன்னது, லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனியில் அவனுக்குப் பெயராகவே நிலைத்துவிட்டது: சக்கரம். நாற்பத்திரண்டு வயதாகியும் அது ஓயவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். போன் வந்தால் பேசிக்கொண்டே வீட்டை மூன்று சுற்று சுற்றுவான். இந்த ஆள் பொழுதுபோக்கு என்று பிடித்துக்கொண்ட வேலையைப் பாருங்கள். பழைய வீடியோ கேம்களில் வரும் எழுத்துகளைப் புள்ளி புள்ளியாகக் கணினியில் வரைந்து, யார் வேண்டுமானாலும் தட்டச்சு செய்யக்கூடிய எழுத்துருவாக மாற்றுவது! எட்டுக்கு எட்டுக் கட்டம், அறுபத்து நான்கு புள்ளி. எதை நிரப்ப, எதைக் காலியாக விட? பொறுமைசாலிக்கே தாவு தீர்ந்துவிடும்.

அவனும் ஒன்றையும் முடித்ததில்லை. “பதினாலு ஆரம்பிச்சாச்சு. ஒண்ணாவது இசட் வரைக்கும் போச்சா?” என்று மனைவி கேட்பாள். அவள் கேட்டதில் தப்பில்லை. அதுதான் அவனை அதிகம் குத்தியது. பதினைந்தாவதையாவது முடிக்காவிட்டால் இனி இதைத் தொடுவதில்லை என்று தனக்குள் சபதம் போட்டுக்கொண்டான்.

அந்தப் பதினைந்தாவது, காசு போட்டுத் துணி துவைத்துக்கொள்ளும் கடை ஒன்றின் மூலையில் இன்னும் நின்றிருந்த கேம் இயந்திரத்தின் எழுத்து. சின்ன வயதில் சனிக்கிழமைதோறும் அம்மா அங்கே மூட்டையோடு போவாள். அவனும் அக்காவும் பின்னால் போவார்கள். பாறை மழைக்கு நடுவே விண்கலம் ஓட்டும் விளையாட்டு. நான்கு வாரம் திரையைப் படம் பிடித்து இருபது எழுத்து சேர்த்துவிட்டான். பாக்கி ஆறு: ஜே, கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், இசட். அவை ஒரே ஒரு இடத்தில்தான் வரும். முதல் பத்துக்குள் ஸ்கோர் எடுத்தவர் பெயர் பதிகிற திரை அது. பத்தாவது இடத்துக்கே இருபதாயிரம் வேண்டும். அவன் ஆயுளில் மூவாயிரத்தைத் தாண்டியதில்லை.

ஊகித்து வரைந்தால் யார் கேட்கப் போகிறார்கள்? அவன் மனமே கேட்கும். அந்த விளையாட்டில் ‘ஆர்’ எழுத்தின் கால் ஒரு புள்ளி வெளியே நீட்டியிருந்தது. அப்படியானால் ‘கே’யின் காலும் நீளுமா, நீளாதா? இதை நினைத்தே இரண்டு முறை தவறான மாடியில் லிஃப்டை விட்டு இறங்கினான்.

வியாழக்கிழமை கடைக்காரர் போன் செய்தார். “தம்பி, மெஷினை ஒருத்தர் கேட்டாரு, குடுத்துட்டேன். நாளைக்கு நாலு மணிக்கு வண்டி வருது. உள்ளே இருக்கறதெல்லாம் கழட்டிப் போட்டுட்டு அலமாரி ஆக்கப் போறாராம்.”

“ஐயா, பின்கதவை மட்டும் திறந்துவிடுங்க, எழுத்தெல்லாம் பதிஞ்சிருக்கற சிப்பைப் படிச்சுக்கறேன்.”

“சாவி தொலைஞ்சு இருபது வருஷம் ஆச்சு. பூட்டை உடைக்காம தரேன்னு வாக்கு குடுத்துட்டேன்பா.”

இனி கதி அக்காதான். நகரப் பேருந்து ஓட்டுகிறாள்; பதின்மூன்று வயதில் அந்த இயந்திரத்தின் மகாராணி. கடை இராப்பகலாகத் திறந்திருக்கும், இயந்திரத்தை யாரும் அணைப்பதில்லை, அதனால் அவள் பெயராகப் பதித்த மூன்று எழுத்து முதலிடத்தில் மாதக்கணக்கில் நின்றது. ஒரு சனிக்கிழமை வந்து பார்த்தால் பட்டியல் துடைத்துப் போட்டிருந்தது. கரண்ட் போயிருக்கும் என்றார் கடைக்காரர். அழக்கூட இல்லை அவள். அதற்குப் பிறகு அதைத் தொடவே இல்லை.

கரண்ட் போகவில்லை. ஒன்பது வயதுச் சக்கரம் இயந்திரத்தின் பின்னால் தவழ்ந்து போய், பொறாமையில் பிளக்கைப் பிடுங்கிச் செருகியிருந்தான். முப்பத்து மூன்று வருடமாக அதை வெளியே சொல்லாமல் விழுங்கிக்கொண்டிருக்கிறான்.

வெள்ளிக்கிழமை இரண்டரைக்கு அக்கா சீருடையோடு வந்தாள். ஐந்து மணிக்கு ஷிப்ட். “எழுத்துக்காகவாடா இவ்வளவு அலம்பல்?” என்று சொல்லிக்கொண்டே காசைப் போட்டாள். முதல் ஆட்டம் நாலாயிரம். அடுத்தது ஒன்பதாயிரம். அவன் துவைக்கும் இயந்திரங்களுக்கு நடுவே போவதும் வருவதுமாக இருந்தான்.

“டேய், பின்னாடி நடக்காதே. என் பஸ்ஸா இருந்தா இறக்கி விட்டிருப்பேன்.”

மணி மூன்றே முக்கால். பதினேழாயிரம், கையில் கடைசி விண்கலம். பல்லைக் கடித்துக்கொண்டு ஆடுகிற அவள் முகம் அப்படியே அந்தப் பதின்மூன்று வயது முகம். வாயை அடக்கத் தெரிந்தவனா அவன்?

“அக்கா, அன்னைக்குக் கரண்ட் போகல. பிளக்கைப் பிடுங்கினது நான்தான்.”

அவள் கண் திரையை விட்டு நகரவில்லை. “இப்பவா சொல்லுவே? இந்த நேரத்துலயா?” விண்கலத்தை ஓட்டும் குச்சியை ஒடித்துவிடுவது போலத் திருப்பினாள். பாறைகள் தூள் தூளாயின; கோபம் அவ்வளவும் அவற்றின் மேல்தான் விழுந்தது. இருபத்து மூவாயிரத்தில் விண்கலம் வெடித்தது. திரை மாறியது.

இருபத்தாறு எழுத்தும் வரிசையாக நின்றன. பெயர் பதிக்கக் கொடுத்த முப்பது வினாடி ஓரத்தில் குறைய ஆரம்பித்தது. பழைய திரையை அவசரமாக எடுத்தால் படத்தில் பட்டை விழும். போனை அசைக்காமல் பிடிக்க வேண்டும். தன் கையை நம்பாமல், சோப்புத்தூள் டப்பாவை ஸ்டூல் மேல் வைத்து, அதில் போனைச் சாய்த்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினான். அக்கா குச்சியைத் தொடாமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். ‘கே’யின் கால் நீளவில்லை, நேராக நின்றது. ஊகித்திருந்தால் தப்பாகப் போயிருக்கும்.

“எடுத்துட்டேன்க்கா.”

ஒன்பது வினாடி இருந்தது. அவள் தன் மூன்று எழுத்தையும் தடுமாறாமல் போட்டாள். எட்டாவது இடம். வெளியே வண்டி வந்து ஹாரன் அடித்தது.

“இதை இறக்கணும்ல? நீயே பிடுங்கு,” என்றாள். “உனக்குத்தான் இடம் தெரியும்.”

செருப்பால் அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது. மண்டியிட்டு, அன்று போன அதே சந்தில் தோள் இடிக்க நுழைந்தான். கை பிளக்கில் பட்டதும் அவள் குரல் கேட்டது.

“அன்னைக்கு இருந்த ஸ்கோர் எவ்வளவுடா? எனக்கே மறந்துபோச்சு.”

“எழுபத்தோராயிரத்து நானூறு,” என்றான் தூசிக்குள்ளிருந்து, யோசிக்காமல்.

அவன் பிளக்கோடு வெளியே வந்தபோது திரை இருண்டிருந்தது, அவள் ஷிப்டுக்குப் போய்விட்டிருந்தாள்.

சனிக்கிழமை காலை உட்கார்ந்தவன் மதியம் வரை எழுந்திருக்கவில்லை. காய்ச்சலோ என்று மனைவி இரண்டு முறை நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். ஜே, கே, கியூ, டபிள்யூ, எக்ஸ், கடைசியாக இசட். முடிந்தது. அந்த எழுத்துருவில் அவன் முதலில் அடித்தது ஒரே ஒரு வரி: 1, 71400, பக்கத்தில் அக்காவின் மூன்று எழுத்து. அதைப் படமாக்கி அவளுக்கு அனுப்பிவிட்டு, போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக ஞாயிறு முழுக்கத் தவித்தான்.

திங்கள் மதியம் பதில் வந்தது. படத்தைத் தாளில் அச்சிட்டு, பேருந்தில் தன் ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் ஒட்டி, போட்டோ எடுத்திருந்தாள். கீழே எழுதியிருந்தாள்: “கோவம் இன்னும் போகல. இதுக்குப் பிளக் கிடையாது, ஞாபகம் வச்சுக்கோ.”

சக்கரம் எழுந்து வீட்டைச் சுற்ற ஆரம்பித்தான். மூன்றாவது சுற்றில் மனைவி வழியை மறித்தாள். “என்னங்க, என்ன ஆச்சு?”

“அக்கா கோவமா இருக்கா,” என்றான், சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தபடி.