சுண்ணாம்புக்கு அடியில் இருந்த கறுப்பு

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விடாமல் பெய்த சமயம். கீரிப்பாறை ரப்பர் தோட்டத்தில் நானும் என் கணவரும் பால்வெட்டும் வேலை செய்கிறோம். எங்கள் இடுப்பில் எப்போதும் சுண்ணாம்பு டப்பி இருக்கும். வெற்றிலைக்கு இல்லை, அட்டைக்கு. அட்டை கடித்த இடத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டு அடுத்த மரத்துக்குப் போய்க்கொண்டே இருப்போம். சில நேரம் அந்த இடம் வெந்து கறுத்துப்போகும். அதையெல்லாம் காயம் என்று நாங்கள் யாரும் சொல்வதில்லை.

அந்த மழையில் கணவருக்குக் காய்ச்சல் வந்தது. ஒரு வாரமாகியும் இறங்காததால் நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தேன். பெரிய டாக்டர் ரத்த அறிக்கையைப் பார்த்து, டெங்குவாக இருக்கும் என்றார். உடம்பில் காயம், பூச்சிக்கடி ஏதாவது உண்டா என்றும் கேட்டார். "ஒண்ணும் கெடையாது சார்" என்றேன் வெடுக்கென்று. ஒன்பதாம் நாள் அவருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. என்னையே அடையாளம் தெரியாமல் எதையோ உளறினார். எனக்குப் பாதி உயிர் போய்விட்டது.

அன்று வார்டுக்கு வந்த இளம் டாக்டரம்மா, நாங்கள் என்ன வேலை செய்கிறோம் என்று கேட்டறிந்ததும் என் கணவரின் உடம்பை அங்குலம் அங்குலமாகத் தேடினார். இடுப்பில் சாரம் கட்டும் இடத்துக்குக் கீழே காசளவு கறுத்த பொருக்கு. "இது செள்ளுப்பூச்சி கடிச்சது. உண்ணிக் காய்ச்சல்" என்றார். நான் முந்திரிக்கொட்டை மாதிரி, "அது சுண்ணாம்பு பொள்ளினதாக்கும், நாந்தான் வச்சேன்" என்றேன். அவ்வளவுதான், பெரிய டாக்டருக்குத் தன் பேச்சு உறுதியாகிவிட்டது. கட்டிலின் இரு பக்கமும் நின்று இருவரும் வாதாடினார்கள். உண்ணிக் காய்ச்சலுக்கான பரிசோதனை முடிவு மறுநாள் வரும், அதுவரை பொறுக்கலாம் என்றார் பெரியவர். பொறுக்க நேரமில்லை, உடனே மருந்து போட வேண்டும் என்றார் டாக்டரம்மா.

சட்டென்று அவர் என் பக்கம் திரும்பினார். "அக்கா, சுண்ணாம்பு வச்ச பிறகு கறுத்துதா, இல்ல கறுத்ததைப் பாத்துட்டு வச்சீங்களா?"

காய்ச்சல் தொடங்கிய அன்று உடம்பு துடைத்துவிடும்போதுதான் அந்தக் கறுப்பைக் கண்டேன். அட்டைக்கடி என்று நானே முடிவுகட்டி அதன்மேல் தடவினேன். "கறுப்புதான் முதல்ல இருந்தது. அதுக்க மேலதான் வச்சேன். எனக்க தப்பு சார்" என்று அழுதேவிட்டேன். பெரிய டாக்டர் குனிந்து மறுபடியும் பார்த்தார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "மருந்தை ஆரம்பிங்க" என்றார்.

மறுநாள் வந்த முடிவும் உண்ணிக் காய்ச்சல் என்றே சொன்னது. காய்ச்சலும் இறங்கத் தொடங்கியது. மூன்றாம் நாள் காலையில் தெளிவாகக் கண் திறந்த மனிதர் கேட்ட முதல் கேள்வி, "ஏட்டி, கஞ்சிக்கு என்ன கறி?" வார்டே சிரித்தது. பெரிய டாக்டர் எல்லார் முன்னாலும் டாக்டரம்மாவின் கையைக் குலுக்கினார். ஏதோ நானே மருத்துவம் படித்தவள் போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கஞ்சி வாங்க நடந்தேன்.

இன்றும் அவர் என்னோடு பால்வெட்ட வருகிறார். தோட்டத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கறுப்பு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி நச்சரிப்பேன், அதனால் எல்லாரும் என்னைக் கேலியாக 'டாக்டர்' என்பார்கள். நினைத்ததைச் சொல்லி என் மனிதரை இழக்கப் பார்த்தவள், கண்டதைக் கண்டபடி சொல்லி மீட்டுக்கொண்டேன் என்பதால், அந்தக் கேலி எனக்கு இன்றுவரை பட்டம் போலத்தான் இனிக்கிறது.