ஸ்போர்ட்ஸ் காரில் ஒரு பஸ் கைப்பிடி

பழைய கார்களுக்கு மதிப்புப் போடுவது என் வேலை. வடகரையில் ஓய்வுபெற்ற போலீஸ்காரர் ஒருவர், கூரையில்லாத பழைய ஸ்போர்ட்ஸ் காரை அச்சு அசலாகப் புதுப்பித்திருந்தார். மனைவி உட்காரும் பக்கம் மட்டும் பஸ் கைப்பிடி ஒன்றை மாட்டியிருந்தார்.

“இதைக் கழட்டிருங்க அண்ணாச்சி, மதிப்பு நல்லா ஏறும்” என்றேன்.

அவர் மனைவி சிரித்தார். “கழட்டுங்களேன். குத்தாலம் போகையில உங்க தோளைப் பிடிச்சுக்கிடுதேன்.”

“வளைவுல நீ தோளைப் பிடிச்சு இழுத்தா வண்டி வயலுக்குள்ளல்லா போவும்?” என்றவர், என்னிடம் திரும்பினார். “குறைச்சே போடுங்க தம்பி. அவ பயமில்லாம வரணும்.”

குறைத்தே போட்டேன்.

அன்று மாலை என் மனைவியைப் பைக்கில் அழைத்துப் போனேன். வளைவில், அவள் கேட்காமலே வேகத்தைக் குறைத்தேன்.

“என்ன, பெட்ரோல் தீந்து போச்சா?” என்றாள்.

இத்தனை வருடம் எப்படி ஓட்டியிருக்கிறேன் என்று அப்போதுதான் புரிந்தது.