இரண்டு மீட்டர் கழி

புருல்கான் எஜே, எங்கள் பக்கத்து வீட்டு அக்கா, அந்தக் கழியை இன்னும் எரிக்கவில்லை. போன குளிர்காலத்தில் கரி தீர்ந்துபோய், உடைந்த நாற்காலியையும் கோழிக்கூண்டின் பலகைகளையும் அடுப்பில் போட்டபோதுகூட அதைத் தொடவில்லை. நேராக வளர்ந்த பாப்லர் மரக் கழி. இரண்டு மீட்டர் அளந்து, அந்த இடத்தில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறார். குழிக்குள் நிறுத்தினால் துணி தரையோடு தரையாக இருக்க வேண்டும். தரைக்கு மேலே நின்றால் குழியின் ஆழம் போதாது.

மலைநகரமான நாரினில் எங்கள் தெரு ஆற்றை ஒட்டிய கடைசித் தெரு. ஜனவரியில் ஒன்றரை மீட்டர் வரை மண் இரும்பாகிவிடும். தண்ணீர்க் குழாய் அதற்குக் கீழே படுத்திருந்தால் பிழைக்கும்.

எங்கள் வீட்டுக்கும் எஜே வீட்டுக்கும் ஒரே சுவர். ஒன்பது வருடம் மாஸ்கோ, இஸ்தான்புல், இஞ்சோன் என்று சுற்றிவிட்டு நான் திரும்பி வந்தபோது, முதலில் ரொட்டியும் வெண்ணெயும் கொண்டு வந்தவர் அவர்தான். "இன்னும் எத்தனை நாள் இருப்ப? பெட்டியைப் பிரிக்கலாமா, அப்படியே வச்சிக்கலாமா?" என்று கேட்டார். என் அம்மாகூட அதைக் கேட்கவில்லை.

பத்தொன்பது வயதில் கோச்கோரிலிருந்து மருமகளாக வந்தவர். குழந்தைகள் பள்ளியில் முப்பது வருடம் சமையல். கணவர் சாகின், மலைப்பாதையில் பனி தள்ளும் வண்டி ஓட்டியவர். இரண்டு மகள்களும் மாஸ்கோவில். இரண்டு வருடங்களுக்கு முன் சாகின் மாமாவுக்குப் பக்கவாதம் வந்து, வலது பக்கமும் பேச்சும் போனது. அதிலிருந்து எஜேயின் நாள் முழுவதும் தண்ணீர்தான். விரிப்பு, துணி, வெந்நீர், மறுபடி விரிப்பு. "குழந்தைகள் பள்ளியில நூறு பேருக்குத் துவைச்சிருந்தா சம்பளமாவது உயர்ந்திருக்கும்" என்பார். மாமாவின் முதுகில் ஒரு புண்கூட வர விட்டதில்லை.

கெலின், அதாவது வீட்டுக்கு வந்த மருமகள், கணவனின் அண்ணன் பெயரைச் சொல்வதில்லை. அவர் எதிரே குரலை உயர்த்துவதில்லை, முதுகைக் காட்டுவதில்லை. எங்கள் தலைமுறையில் பாதிப் பேர் இதை விட்டுவிட்டோம். எஜே விடவில்லை. மூத்தார் பெயர் பெய்ஷெனாலி. வியாழக்கிழமைக்கு எங்கள் ஊரில் 'பெய்ஷெம்பி' என்பார்கள்; அதில் அந்தப் பெயரின் ஒலி இருப்பதால், எஜே முப்பத்து மூன்று வருடமாக 'வெள்ளிக்கு முந்தின நாள்' என்றுதான் சொல்கிறார். அவர் சமைத்துப் போட்ட பிள்ளைகள் சிலர் பெரிய பள்ளிக்கூடத்திலும் அப்படியே சொல்லி டீச்சரிடம் திட்டு வாங்கியதாகச் சொல்வார்கள்.

பின்சந்து வழியாக அவர் வீட்டுக்கு வந்த பழைய இரும்புக் குழாய் துருவேறி, போன கோடையில் மூன்று இடங்களில் ஒழுகியது. ஒட்டுப் போட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே மறுபடி ஒழுகியது. தண்ணீர் ஆபீஸ்காரர்கள் வந்து அந்த இணைப்பையே மூடிவிட்டு, முன்தெருவில் மூடி போட்ட வால்வுத் தொட்டியிலிருந்து புது பிளாஸ்டிக் குழாய் போட்டுக்கொள்ளச் சொன்னார்கள். இருபத்தாறு மீட்டர். குளிர் வருவதற்குள் முடிய வேண்டும். இல்லையென்றால் நானூறு அடி தூரத்திலுள்ள தெருக்குழாயிலிருந்து, பனியில், படுத்திருக்கும் மனிதனுக்கு வேண்டிய தண்ணீரையெல்லாம் இழுத்து வர வேண்டும்.

செப்டம்பர் கடைசியில் எஜே அஷாருக்கு அழைத்தார். அஷார் என்றால் தெருவே கூடி வேலை செய்துகொடுக்கும். கூலி கிடையாது, சாப்பாடுதான். ஒரு ஆட்டை அறுத்தார்கள். ஒன்பது ஆண்கள் வந்தார்கள். ஆளுக்கு மூன்று மீட்டருக்கும் குறைவு. கேட்டிலிருந்து உள்ளே மூன்றடி தள்ளித் தொடங்கும் துண்டு மூத்தாருக்கு. அறுபத்தெட்டு வயது.

"பைகே, நீங்க உக்காந்து டீ குடிங்க, உங்க பங்கையும் நாங்க வெட்டிடறோம்" என்றான் ஷார்ஷென். வெல்டிங் வேலை செய்பவன், வாய் ஓயாதவன். பைகே என்றால் அண்ணே.

"ஏன், எனக்குக் குழி வெட்ற நாள் வந்துடுச்சுன்னு பாக்கறியா? உன் குழியைப் பாருடா. உன் வயிறு நுழையற அளவு அகலமா வெட்டு."

எல்லாரும் சிரித்தார்கள். நான் காரட் சீவிக்கொண்டிருந்தேன்.

மத்தியானத்துக்கு மேல் எஜே கழியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு துண்டாகப் போனார். ஷார்ஷென் துண்டில் துணி நான்கு விரல் மேலே நின்றது. "இறங்கு, தம்பி. கறி வேகலை இன்னும்" என்றார். அவன் முனகிக்கொண்டே இறங்கினான். இன்னும் இரண்டு பேரையும் இறக்கினார். பிறகு மூத்தார் துண்டுக்கு வந்தார்.

அடியில் ஒரு பெரிய கல்லின் முதுகு தெரிந்தது. மூத்தார் அதன்மேல் மண்ணைத் தள்ளி மட்டமாக்கி, காலால் மிதித்துக்கொண்டிருந்தார். எஜே ஓரத்தில் நின்று கழியை இறக்கவில்லை. பக்கத்தில் சும்மா பிடித்தபடி நின்றார். நான் இருந்த இடத்திலிருந்தே தெரிந்தது. துணி தரைக்கு மேலே ஒன்றரை முழம் நிற்கும்.

மூத்தார் நிமிர்ந்தார். எஜே கண்ணைத் தாழ்த்திக்கொண்டு அடுத்த துண்டுக்குப் போனார். போகும்போது என்னைப் பார்த்தார். ஒன்பது வருடத்தில் எத்தனையோ எல்லைகளில் போலீஸ்காரர்களோடு வாதாடியவள் நான். காரட்டைக் குனிந்து சீவினேன்.

குழாயைப் படுக்க வைத்தார்கள். மண்ணைத் தள்ளினார்கள். சாயங்காலம் சமையலறைக் குழாயைத் திறந்ததும் காற்று இருமி, பிறகு தண்ணீர் வந்தது. முதல் குவளையை மூத்தாருக்குக் கொடுத்தார்கள். குடித்துவிட்டு, "தம்பி பொழைச்சான்" என்றார். உள்ளே படுத்திருந்த சாகின் மாமா அழுதார். பக்கவாதத்துக்குப் பிறகு அவருக்குச் சந்தோஷத்துக்கும் அழுகைதான்.

டிசம்பர் முழுக்க எஜே குழாயை மூடவே இல்லை. நூல் போலத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தால் உறையாது. ஏன் மூடுவதில்லை என்று மூத்தார் ஒருமுறை கேட்டபோது, "பழக்கம்" என்று சுவரைப் பார்த்துச் சொன்னார். ஜனவரி பதினொன்றில் வெளியே கழிவுநீர்க் குழி நிரம்பிவிட்டது. வேறு வழியில்லாமல் குழாயை மூடினார். மறுநாள் காலையில் திறந்தபோது ஒன்றும் வரவில்லை. வெளியே மைனஸ் முப்பத்தொன்று.

ஷார்ஷென் வந்தான். பழைய குழாயாக இருந்திருந்தால் வெல்டிங் மெஷினின் கம்பிகளை இரண்டு முனையிலும் மாட்டுவான். இரும்பு சூடாகி அரை மணியில் தண்ணீர் வந்துவிடும்.

"பிளாஸ்டிக்குல கரண்டு ஓடாது, எஜே. இது உங்க மூத்தார் மாதிரி. உள்ள ஒண்ணும் இறங்காது." பிறகுதான் மூத்தார் வாசலில் நிற்பதைப் பார்த்தான். "சும்மா சொன்னேன், பைகே."

வெந்நீர் விட மெல்லிய ரப்பர் குழாயை வீட்டுப் பக்கத்திலிருந்து நுழைத்துப் பார்த்தான். சுவருக்கடியில் வளைவிலேயே முட்டிக்கொண்டது. எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு கேட்டான்: "எங்கயாவது ஆழம் கம்மியா இருக்கா? அதை மட்டும் சொல்லுங்க. அங்க நெருப்பு போட்டுத் தோண்டிடலாம்."

"எல்லாம் ஒரே ஆழம்தான்" என்றார் மூத்தார். "தெருத் தொட்டிகிட்டதான் உறைஞ்சிருக்கும். மூடி வழியா குளிர் இறங்கும்."

நான் வாயைத் திறந்தேன். எஜே என் மணிக்கட்டைப் பிடித்து அழுத்தினார். "போய் டீ கொண்டு வா, பொண்ணே."

சமையலறையில் அவரிடம் கேட்டேன். "எஜே, உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும்."

"தெரிஞ்சு?"

"சொல்லிடலாம்."

"அவர் இந்த வம்சத்துக்குப் பெரியவர். நாளைக்கு என் பொண்ணுங்களுக்குக் கல்யாணம் பேச அவர்தான் போகணும். தெருவுல நாலு பேர் முன்னாடி அவரைப் பொய்யர்னு சொல்லச் சொல்றியா? நீ சொல்லிட்டு ஊரைவிட்டுப் போயிடுவ. நான் இங்க இருக்கணும்."

தெருத் தொட்டியருகே பழைய டயர்களை எரித்தார்கள். டயர் போதவில்லை. எஜேயின் கரிக் கொட்டகையிலிருந்து மூட்டை மூட்டையாக எடுத்தார்கள். எஜே தானே எடுத்துக் கொடுத்தார். இரண்டு நாள் எரித்து, இளகிய மண்ணைக் கடப்பாரையால் பெயர்த்து, மறுபடி எரித்து, குழாய் வரை போனார்கள். வெட்டிப் பார்த்தால் அங்கே தண்ணீர் இருந்தது. ஐஸ் இல்லை. குளிர்காலக் கரியில் பாதிக்கு மேல் போய்விட்டது. ஆண்கள் கையிலிருந்த மண்ணைத் தட்டிக்கொண்டார்கள்.

"ஏப்ரல்ல பாப்போம்" என்றார் மூத்தார்.

அதற்குப் பிறகு சறுக்குவண்டியில் பால்கேனை வைத்துத் தெருக்குழாய்க்கு நடந்தோம். எங்கள் வீட்டுக்கும் தெருக்குழாய்தான். ஒரு கேன் நான், இரண்டு கேன் எஜே. காலையில் மூன்று தடவை, மாலையில் இரண்டு. மூன்றாவது வாரம் எஜே பனியில் விழுந்து இடது மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். வெந்நீர் குறைந்தது. கரியை மிச்சம் பிடிக்க ஒரு வேளை மட்டும் அடுப்பு. மாமாவின் இடுப்பில் முதல் புண் வந்தது. எஜே அதை என்னிடம் காட்டினார். யாரோ அவரை அடித்த தழும்பைக் காட்டுவதுபோல இருந்தது அந்த முகம். பிறகு மாமாவுக்குச் சளி நெஞ்சில் இறங்கியது. பிப்ரவரி ஒன்பதாம் தேதி மத்தியானம் இறந்தார்.

முற்றத்தில் யுர்த்தா கூடாரம் போட்டார்கள். இறந்தவரைக் கழுவ நிறையத் தண்ணீர் வேண்டும். நான்கு வீடு தள்ளியிருக்கும் மூத்தார் வீட்டிலிருந்துதான் வந்தது. அவர் வீட்டுக் குழாய் உறையாது; அதுவரை அங்கே போய்த் தண்ணீர் கேட்க எஜே சம்மதித்ததில்லை. அவருடைய அப்பா காலத்தில் இரண்டேகால் மீட்டர் தோண்டிப் போட்டது. அவரே சறுக்குவண்டியில் இழுத்துக்கொண்டு வந்தார். வாசலில் கேனை இறக்கினார். யாரையும் பார்க்கவில்லை.

யுர்த்தாவுக்குள் எஜே சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒப்பாரி பாடினார். ஒப்பாரியில் ஒரு பெண் எதையும் சொல்லலாம். யார் மேலும் குறை சொல்லலாம். அதற்காக யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். பனிப்பாதையைப் பாடினார், வண்டியைப் பாடினார், மாமா முதல் சம்பளத்தில் வாங்கித் தந்த பூட்ஸைப் பாடினார். நான் காத்திருந்தேன். குழாயைப் பற்றி ஒரு வரியும் வரவில்லை.

மே மாதம் மண் இளகியது. ஒரு காலை சுவருக்கு அந்தப் பக்கம் மண்வெட்டிச் சத்தம் கேட்டுப் போனேன். எஜே கேட்டிலிருந்து மூன்றடி தள்ளி இடுப்பளவு குழியில் நின்றிருந்தார். இடது கையை இன்னும் முழுதாக மடக்க முடியாது. நானும் இறங்கினேன். குழாய் தெரிந்த நேரத்தில் மூத்தார் கடப்பாரையோடு வந்தார்.

"கெலின், இங்க ஏன் தோண்டற?"

எஜே மண்வெட்டியை வைத்தார். மேலே ஏறினார். மூலையில் சாத்தியிருந்த கழியை எடுத்து, அவர் கண்ணெதிரே, குழாய் படுத்திருந்த இடத்தில் இறக்கினார். கழி கல்லில் மோதியது. சிவப்புத் துணி தரைக்கு மேலே ஒன்றரை முழம் நின்றது.

மூத்தார் ஓரத்தில் குனிந்து பார்த்தார்.

"கல்லு" என்றார்.

"கல்லுதான்."

"எனக்கு அன்னைக்கு முதுகு புடிச்சிக்கிச்சு. பசங்க முன்னாடி..." நிறுத்திவிட்டார். பிறகு, கோபமே இல்லாமல் கேட்டார்: "அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, கெலின். ஷார்ஷெனை இறங்கச் சொன்ன மாதிரி. இறங்கியிருப்பேன். நான் என்ன மாட்டேன்னா சொல்லியிருப்பேன்?"

எஜே மண்மேட்டில் உட்கார்ந்துவிட்டார். கழி கையிலேயே இருந்தது. அவர் முகத்தை நான் பார்க்கவில்லை. மூத்தார் உண்மையிலேயே இறங்கியிருப்பாரா என்று எனக்குத் தெரியாது. அவருக்கும் தெரியாது என்றே நினைக்கிறேன். ஆனால் அப்படிச் சொல்லிவிட்டார். இனி எஜே அதை வைத்துக்கொண்டுதான் வாழ வேண்டும்.

மூத்தார் குழிக்குள் இறங்கினார். கல்லைச் சுற்றி வெட்டி, கடப்பாரையை அடியில் கொடுத்து, நானும் அவரும் கயிறு போட்டு இழுத்தோம். ஒரு ஆட்டின் அளவு இருந்தது. மேலே கொண்டுவர மத்தியானம் ஆனது. குழாய் இரண்டு இடத்தில் வெடித்திருந்தது. அந்தத் துண்டை அறுத்தெடுத்தோம். அவர் இன்னும் தோண்டினார். எஜே கழியை இறக்கினார். துணி இரண்டு விரல் மேலே. கழியைப் பிடித்தபடியே நின்றார். அவர் மறுபடி தோண்டினார். துணி தரையைத் தொட்டது.

மணல் பரப்பி, புதுத் துண்டைப் படுக்க வைத்து இணைத்துவிட்டு, அவர் மேலேறி மூச்சு வாங்கினார்.

"ஆபீஸ்காரன் எப்ப வந்து திறந்துவிடறான்?"

எஜே சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "வெள்ளிக்கு முந்தின நாள்."