மகளின் பெயரை வெட்டுவித்த வருடம்

என் மகளைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டினது நான்தான். சாதாரண தரச் சோதனை எழுதி நல்ல பெறுபேறு எடுத்திருந்தாள். ஆனால் அந்த நாட்களில் கிரான் பக்கம் இயக்கத்துக்கு வீட்டுக்கொரு பிள்ளை கேட்டு வந்துகொண்டிருந்தார்கள். எங்கள் ஒழுங்கையில் ஒரு பிள்ளை காலையில் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனது, பின்னேரம் சைக்கிளை மட்டும் யாரோ கொண்டுவந்து வேலியில் சாத்திவிட்டுப் போனார்கள். அந்தத் தாயின் அழுகையைக் கேட்ட பிறகு எனக்கு வயலில் நிற்கவும் முடியவில்லை, வீட்டில் இருக்கவும் முடியவில்லை.

அதோடு நான் இன்னும் இரண்டு காரியம் செய்தேன். பள்ளிக்கூடத்தில் பதினாறு வயதுப் பிள்ளைகளுக்கு அடையாள அட்டைக்குப் படிவம் கொடுத்தார்கள். மகளின் படம் ஊரூராகப் போவதா என்று பயந்து அதில் கையெழுத்து வைக்காமல் விட்டேன். பிறகு ஊர்ப் பதிவுகளைப் பார்க்கும் விதானையாரிடம் போய், மகள் கொழும்பில் மாமி வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பொய் சொல்லிக் குடும்பப் பதிவில் அவள் பெயரை வெட்டுவித்தேன். அவர் சிவப்புப் பேனையால் கோடு இழுத்தபோது, கண்ணகியம்மா, பிள்ளை தப்பிவிட்டாள் என்று மனதுக்குள் கும்பிட்டேன்.

மகள் எங்கும் போகவில்லை. உள் அறையில் இருந்து படித்தாள். அவளோடு படித்த பிள்ளையின் தாய் எங்கள் வீட்டில் நெல் குத்த வரும்போது சாக்குக்குள் கொப்பிகளை வைத்துக் கொண்டுவருவாள். மகள் பார்த்து எழுதிவிட்டு அடுத்த கிழமை திருப்பிக் கொடுப்பாள். நாய் குரைத்தால் கொப்பியை மூடிக்கொண்டு நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் போய்விடுவாள்.

“அப்பா, நான் தனியா உயர்தரச் சோதினை எடுக்கலாமாம். எப்ப ஆயத்தம் பண்ணத் தொடங்கிற?” என்று கேட்டாள்.

“பொறு மகள், பெரும்போகம் வெட்டி முடியட்டும்.”

வெட்டி முடிந்தது. சிறுபோகம் வரட்டும் என்றேன். அதுவும் வந்து போனது. சோதனை என்றால் பெயர் கொடுக்க வேண்டும். பெயர் கொடுத்தால் பிள்ளை இருக்கிறாள் என்று தெரிந்துவிடும். இதை அவளிடம் எப்படிச் சொல்வது?

என் பெண்சாதி ஒருநாள் சோற்றை வைத்தபடி, “அவள் தொடங்கி ஒரு வருசமாச்சு. நீங்கதான் இன்னும் தொடங்கல்ல” என்றாள். எனக்குக் கோபம்தான் வந்தது.

பிறகு ஒருநாள் கடையில் கருவாடு சுற்றிவந்த பேப்பரில் மகள் அந்த அறிவித்தலைக் கண்டாள். தனிப்பட்ட பரீட்சார்த்திகள் விண்ணப்பிக்க இன்னும் பதினெட்டு நாள் இருந்தது. உரக்க வாசித்துக்கொண்டு வந்தவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். அடையாள அட்டை இலக்கம் கேட்டிருந்தார்கள். விதானையாரின் உறுதிப்படுத்தலும் வேண்டுமாம்.

நான் கையெழுத்து வைக்காத அந்தப் படிவம் கண்ணுக்குள் நின்றது. அம்மன் கோயிலில் பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு வந்தால் விதானையாரிடம் போவதில்லை, வெள்ளை வந்தால் போவது. வெள்ளைதான் வந்தது. அப்படியும் பயம் போகவில்லை, இன்னொரு தரம் கட்டப் போனேன்.

“அம்மன் எத்தின தரம் சொல்லுற? விதானையாரிட்டப் போங்க முதல்ல” என்றாள் பெண்சாதி.

போனேன். அவருடைய கந்தோரில் நிவாரண அட்டைக்கு ஏழெட்டுப் பேர் நின்றார்கள். எல்லாரும் போகட்டும் என்று கடைசி ஆளாய் நின்றேன். விதானையார் என்னைவிட வயதில் குறைந்தவர், வாய்க்காரர்.

“என்னகா அண்ணன், மகள் கொழும்பில சுகமா?”

“தம்பி, அவள் வீட்டதான் இருக்காள்.”

“எப்ப வந்தவ?”

“போகவே இல்ல.”

அவர் சிரித்தார். “அது எனக்குத் தெரியும். கொழும்பில இருக்கிற புள்ளைக்கு உங்கட பெண்சாதி இஞ்ச கடையில கொப்பியும் பேனையும் வாங்குறா. ஊரெல்லாம் தெரியும். நீங்க மட்டுந்தான் ஒளிச்சுவெச்ச மாதிரி.”

ஊரெல்லாம் தெரியும் என்றால் யார் யாருக்குத் தெரியும்? வந்த காரியத்தைச் சொன்னேன். அவர் சிரிப்பை விட்டுவிட்டார்.

“அண்ணன், அட்டை கொழும்பில இருந்து வரவேணும். ஆறு மாசம் புடிக்கும். இந்த முறை சரிவராது. புள்ளைக்குப் பதினாறு முடிஞ்ச கையோட அதை எடுத்துப்போட்டு மறுகா ஒளிச்சிருக்கலாமே!”

அவ்வளவுதான். படிப்புக்கு ஒன்றும் குறை இல்லை. தகப்பன் ஒரு கையெழுத்துக்குப் பயந்ததால் ஒரு வருடம் போய்விட்டது. அவர் பதிவைத் திறந்து, வெட்டின பெயருக்குக் கீழே புதிதாக எழுதினார். என் மகளின் பெயர் அங்கே பச்சையாக இருந்தது. இனி யார் அந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் காண்பார்கள்.

வீட்டில் சொன்னபோது மகள் அழவில்லை. “அப்ப அடுத்த சோதினை வரைக்கும் என்ட பேர் அதில கிடக்குமா அப்பா?” என்று கேட்டாள். அப்போதுதான் அவளுக்கும் என்னளவு பயம் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவள் பயத்தோடே படித்துக்கொண்டிருந்தாள். நான் பயந்துகொண்டு சும்மா இருந்தேன்.

அட்டைக்குப் படம் எடுக்கப் போனதும் வந்ததும் தனிக்கதை. அந்த மாதங்களில் மோட்டார்சைக்கிள் சத்தம் கேட்டால் பெண்சாதி அடுப்பை அணைத்துவிடுவாள், ஏன் என்று அவளுக்கே தெரியாது. இரண்டு தரம் வந்து பிள்ளைகளைக் கேட்டார்கள். முதல் தரம் மகள் நெல்லுப் பெட்டிக்குப் பின்னால் இருந்தாள். இரண்டாம் தரம் வந்தபோது அவள் வீட்டில் இல்லை. அட்டை கைக்கு வந்த மறுநாளே அவளை ஆமிப் பக்கத்துப் பட்டணத்தில் கன்னியாஸ்திரிகளின் விடுதியில் சேர்க்கக் கூட்டிப்போயிருந்தேன்.

வழியில் சோதனைச் சாவடியில் பஸ்ஸால் இறக்கினார்கள். ஆமிக்காரன் அட்டையையும் மகளின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தான். என் வாயில் அம்மனின் பெயர்கூட வரவில்லை. எந்த அட்டைக்குப் பயந்து ஒன்றரை வருடம் ஒளித்தேனோ, அதைக் காட்டித்தான் அவள் அந்தப் பக்கம் போனாள்.

இப்போதும் சிலர் பிள்ளையை வீட்டில் வைத்துப் படிப்பிக்கிறோம், சோதனைக்கு எப்போது தொடங்குவது என்று கேட்கிறார்கள். எனக்குப் பாடம் தெரியாது. பிள்ளையைப் பள்ளிக்கூடத்தால் நிற்பாட்டுகிற அன்றைக்கே தொடங்குங்கள், முதலில் கடதாசிகளைப் பாருங்கள் என்று மட்டும் சொல்வேன்.

அடுத்த வருடம் முதல் நாள் சோதனைக்கு நானும் மண்டபவாசல் வரைக்கும் போனேன். கதவடியில் ஒரு அம்மா அட்டையை வாங்கி, பெயரைப் பார்த்து, இடாப்பில் ஒரு சரி போட்டார். மகள் உள்ளே போனாள். எட்டிப் பார்த்தேன். மூன்றாவது வரிசையில், யன்னலுக்குப் பக்கத்தில், எல்லாரும் காணும்படி அவள் இருந்தாள்.